பெரியம்மா சொன்னதும், மண்டபம் நினைத்ததும்

கேள்வி: எனக்கு வயது 29. ஈரோடு பக்கம். வங்கியில் வேலை. உயரம் 158 செ.மீ., எடை 81 கிலோ. இரண்டு வருடமாக வரன் பார்க்கிறார்கள். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று மூன்று இடம் தட்டிப்போனது. போன மாதம் தோழி வீட்டில் 'ஐ ஃபீல் பிரிட்டி' என்ற ஆங்கிலப் படம் போட்டார்கள். குண்டான ஒரு பெண் தலையில் அடிபட்டு, தான் பேரழகி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். அந்த நினைப்பிலேயே நல்ல வேலை, காதலன் எல்லாம் கிடைக்கிறது. உடம்பு மாறவே இல்லை என்பது கடைசியில்தான் அவளுக்குத் தெரிகிறது. படம் முடிந்ததும் தோழி, "பாத்தியாடி, எல்லாம் மனசுலதான் இருக்கு. நீ கான்ஃபிடன்ட்டா இரு, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்றாள்.

நானும் முயன்றேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் அழகு" என்று பத்து முறை சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, சித்தப்பா மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கையில்லாத ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன். மண்டபப் படியேறும்போதே பெரியம்மா, "ஏன் கண்ணு, கை இப்படித் தெரியற மாதிரி போட்டிருக்கறே, இன்னும் பெருசால்ல தெரியுது" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மண்டபத்தில் எல்லோரும் என் கையையே பார்ப்பது போலிருந்தது. என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. மறுநாள் முழுக்கச் சாப்பிடவே இல்லை. படத்தில் அவளுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை? தன்னம்பிக்கைகூட ஒல்லியானவர்களுக்குத்தானா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

படத்தில் அவளுக்கு முடிந்ததற்குக் காரணம், அவளுக்கு மண்டையில் அடிபட்டது. உங்களுக்கு அடிபடவில்லை. உங்கள் தோழி கவனிக்காமல் விட்டது இதைத்தான். ஒரு பெண் தன் உடம்போடு நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் அவளுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கதையின் அஸ்திவாரம். நீங்கள் தெளிந்த மண்டையோடு இரண்டே வாரத்தில் அதைச் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். வராததில் ஆச்சரியமில்லை.

2018இல் வந்த அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. ஏமி ஷூமர் நல்ல நகைச்சுவை நடிகை. உடற்பயிற்சி வகுப்பில் விழுந்து எழுந்தபின், கடற்கரை மதுக்கூடம் ஒன்றில் நடக்கும் பிகினிப் போட்டியில் அவர் மேடையேறி ஆடும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடத்தில் நாம் எதற்குச் சிரிக்கிறோம்? அவர் நன்றாக ஆடுகிறார் என்றா? 'இந்த உடம்பை வைத்துக்கொண்டு, அது தெரியாமல் ஆடுகிறாளே' என்றுதான். அவள் அழகி இல்லை என்று நாம் ஒத்துக்கொண்டால் மட்டுமே அந்தச் சிரிப்பு வரும். அதாவது உங்கள் பெரியம்மா எதை நம்புகிறாரோ அதைத்தான் படமும் நம்புகிறது. படம் அதை நல்ல வெளிச்சத்தில், நல்ல இசையோடு சொல்கிறது, பெரியம்மா படிக்கட்டில் நின்று சொல்கிறார். கடைசியில் அந்தப் பெண் தன்னம்பிக்கையைப் பற்றி உருக்கமாகப் பேசுவது எந்த மேடையில் என்று கவனித்தீர்களா? ஓர் அழகுசாதன நிறுவனம் தன் புதிய சரக்கை அறிமுகம் செய்யும் மேடையில்! உன் முகத்தை உள்ளபடியே நேசி, போகும்போது இந்த டப்பாவையும் வாங்கிக்கொண்டு போ.

அந்தப் படத்தில் ஒரு விஷயம் சரி. எமிலி ராட்டகாவ்ஸ்கி என்ற மாடல் அழகி அதில் நடித்திருக்கிறார். எல்லாம் பொருந்திய அந்தப் பெண்ணும் தனக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று வருந்துகிறாள், நாயகி திகைத்துப் போகிறாள். இது சினிமாக் கற்பனை இல்லை. ஆலோசனை கேட்டு என் அறைக்கு வருகிறவர்களில், தெருவில் போனால் திரும்பிப் பார்க்க வைக்கும் பெண்கள் உண்டு. உங்களைவிட அதிகமாகக் கண்ணாடிக்குப் பயப்படுகிறவர்கள் அவர்கள். ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை, தன்னம்பிக்கை ஒல்லியானவர்களின் சொத்து இல்லை. இருபது கிலோ குறைத்தபின் வந்து "இப்பவும் அப்படியேதான் மேடம் இருக்கு" என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி 'எல்லாம் மனசுலதான் இருக்கு' என்ற அந்த வாக்கியம். அது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் அதில் இவ்வளவு தொல்லை.

1980இல் அமெரிக்காவில் கிளெக், ஸ்ட்ரெண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களின் கன்னத்தில் ஒப்பனையால் பெரிய தழும்பு ஒன்றை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு காய்ந்து வெடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீம் தடவுகிறோம் என்று சொல்லி, அவர்களுக்கே தெரியாமல் அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். சுத்தமான முகத்தோடு, தழும்பு இருக்கிறது என்ற நினைப்போடு அவர்கள் போய் ஒருவரிடம் பேசினார்கள். திரும்பி வந்து சொன்னது என்ன? எதிரே இருந்தவர் உற்று உற்றுப் பார்த்தார், சங்கடப்பட்டார், கண்ணைத் திருப்பிக்கொண்டார், எல்லாம் இந்தத் தழும்பால் என்று. இல்லாத தழும்புக்கு!

நாம் எதை எதிர்பார்த்துப் போகிறோமோ, அதை அடுத்தவர் முகத்தில் வாசித்துவிடுகிறோம். பேசுகிற எந்த மனிதரும் நடுநடுவே கண்ணைத் திருப்பத்தான் செய்வார். தழும்பை நினைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அதுவே சாட்சி ஆகிவிடுகிறது. உங்கள் மண்டபத்துக்கு இதைக் கொண்டுவாருங்கள். ஒரு ரிசப்ஷனுக்கு முந்நூறு, நானூறு பேர் வந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் மொய்க்கவரைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள், மீதிப் பேர் பந்தியில் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். உங்கள் கை யாருடைய கவனத்திலும் அவ்வளவு நேரம் இருந்திருக்க வழியில்லை. 'எல்லோரும் பார்த்தார்கள்' என்பது நீங்கள் வாசித்தது. அந்த அளவுக்கு உங்கள் தோழி சொன்னது சரி.

ஆனால் பெரியம்மா? அவரை நீங்கள் கற்பனை செய்யவில்லை. அவர் வாயைத் திறந்து சொன்னார், நாலு பேர் சிரித்தார்கள். அது நடந்தது. அதையும் தூக்கி 'மனசுல' போட்டுவிட்டால், சொன்னவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை, காயப்பட்டவருக்குத்தான் தன்னம்பிக்கை போதவில்லை என்று கணக்கு முடிந்துவிடும். இந்த வகைப் படங்களோடு எனக்குள்ள சண்டையே இதுதான். முன்பெல்லாம் பெண்ணுக்கு ஒரே கட்டளை: இளைத்துவிடு. இப்போது, இளைக்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் சும்மா இருக்கக் கூடாது, ஜொலிக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு உங்கள்மேல் எடை என்ற ஒரு குற்றம்தான் இருந்தது. படம் பார்த்தபின் தன்னம்பிக்கைக் குறைவு என்று இரண்டாவதும் சேர்ந்துவிட்டது. உங்கள் கடிதம் முழுக்க அந்த இரண்டாவது குற்றத்துக்கான மன்னிப்பாகத்தான் எனக்குப் படுகிறது.

அதனால் ஒரு நோட்டு எடுங்கள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அன்று உங்கள் காதில் விழுந்த வார்த்தைகளை மட்டும் எழுதுங்கள். ஒரு வரிதான் வரும். வலப்பக்கம், அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்ததை எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பி வழியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வலப்பக்கத்தை நீங்களும் நானும் பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்கத்துக்குப் பெரியம்மாவிடம்தான் பேச வேண்டும்.

பேசுவதென்றால் சண்டை இல்லை. கல்யாண வீட்டில் பெரியவரிடம் எதிர்த்துப் பேசிவிட்டு, அப்புறம் ஆறு மாதம் அம்மா அந்தப் பேச்சைச் சுமக்க வேண்டாம். சிரித்த முகத்தோடு, "உங்களுக்குப் புடிக்கலீங்களா பெரியம்மா? எனக்குக் காத்தோட்டமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இதில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. "அடுத்த மாசத்துல இருந்து ஜிம் போறேனுங்க பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்மில் பெரும்பாலானோர் பதறிப்போய் அதைத்தான் சொல்கிறோம். சொன்ன மறுநிமிடம், நம் உடம்பு அவரிடம் கணக்குக் காட்ட வேண்டிய சமாச்சாரம் ஆகிவிடுகிறது. கேலி தொடர்ந்தால், தனியாக ஒரு நாள் வீட்டுக்குப் போய், "நாலு பேர் முன்னாடி நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாப் போச்சுங்க" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். பெரியம்மாக்களில் பலர் அதை அன்பு என்று நினைத்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதும் அதிர்ந்துபோவார்கள். சிலர் மாறமாட்டார்கள்தான்.

படியில் நின்ற அந்த நாலு பேர் ஏன் சிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்புக்கு நம்மைப் பழக்கியது ஹாலிவுட் இல்லை, நம் கொட்டகை. 2007இல் 'சிவாஜி' வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நாயகனைப் பயமுறுத்த, முகத்தில் கருப்பு மை பூசிய இரண்டு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்தார்கள். பறம்பு மலைப் பாரியின் மகள்களுக்கு வழங்கிவரும் பெயர்கள் அவை. தந்தையையும் நாட்டையும் இழந்த அந்தப் பெண்கள் பாடியதாக ஒரு பாடல் புறநானூற்றில் 112ஆவதாக இருக்கிறது, படித்தால் நெஞ்சு கனக்கும். அந்தப் பெயர்களைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் பாருங்கள். அப்போதே தமிழறிந்தவர்கள் பலர் கண்டித்தார்கள். என் கவலை பள்ளிக்கூடங்களைப் பற்றியது. அந்தப் பட்டப்பெயரை வாங்கிச் சுமந்த பெண்கள், வளர்ந்தபின் என்னிடம் வந்து அதைச் சொல்லியிருக்கிறார்கள். அதே படத்தில் நாயகனும் நாயகிக்காக வெள்ளையாக என்னென்னவோ பூசிப் பார்ப்பார். ஆனால் அவர் கருப்பாகவே இருந்து காதலிலும் ஜெயிப்பார். ஆணுக்கு அந்தச் சலுகை உண்டு. தொப்பையோ, வழுக்கையோ, சோடாபுட்டிக் கண்ணாடியோ இருக்கட்டும், 'பழகப் பழகத்தான் என்னைப் பிடிக்கும்' என்று சொல்லும் உரிமை நம் காதல் படங்களில் நாயகனுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. அதே வரியை ஒரு நாயகி சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. குண்டான பெண் வந்தாலே அவள் தோழி, அல்லது துரத்தி வந்து நாயகனை மிரட்டும் ஒரு தமாஷ்.

விதிவிலக்கு இருக்கிறது. 2015இல் அனுஷ்கா உடம்பைக் கூட்டி நடித்த 'இஞ்சி இடுப்பழகி' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் வில்லன் நாயகியின் உடம்பு இல்லை, 'சைஸ் ஜீரோ' ஆக்குகிறேன் என்று ஆசைகாட்டிக் காசு பிடுங்கும் மெலிவு மையம். குறைகள் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அந்த ஆங்கிலப் படத்தைவிட இது நேர்மையானது என்பது என் கட்சி. பிரச்சினை வெளியிலும் இருக்கிறது, அங்கே அதற்கு ஒரு போர்டும் கல்லாப்பெட்டியும் உண்டு என்று காட்டியது. உங்கள் தோழி அடுத்த முறை படம் போடும்போது இதைப் போடச் சொல்லுங்கள்.

சரி, கண்ணாடி. "நான் அழகு" என்று பத்து முறை சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 2009இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள், 'நான் அன்புக்குரியவன்' என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம் எளிது. நம்பாத ஒன்றை உரக்கச் சொன்னால் உள்ளேயிருந்து ஒரு குரல் எதிர்வாதம் பேசும், பத்து முறை சொன்னால் பத்து முறை பேசும். நீங்கள் இரண்டு வாரம் தினமும் காலையில் அந்தக் குரலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போயிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, ஊரெல்லாம் இந்த வைத்தியத்தைத்தான் சொல்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் சப்பென்று இருக்கும்: உங்களை அழகு என்று நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அழகில்லை என்றும் நம்ப வேண்டியதில்லை. அந்த வழக்கை அப்படியே வாய்தா போட்டுவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போங்கள். ஜாக்கெட் போட ஆசையா, போடுங்கள். நீச்சல் பழக ஆசையா, சேருங்கள். கான்ஃபிடன்ஸ் வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. கை நடுங்க நாலு தடவை செய்தபின், ஐந்தாவது தடவை நடுக்கம் குறைந்திருக்கும். வங்கியில் சேர்ந்த முதல் வாரம் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? யாராவது உங்களைக் கண்ணாடி முன் நின்று "நான் காசாளர், நான் காசாளர்" என்று சொல்லச் சொன்னார்களா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி, பெரியம்மா சொன்னதுகூட இல்லை. "என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை" என்ற வரி. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்ஸன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவ மாணவியரைத் தனி அறையில் கண்ணாடி முன் சிலருக்கு நீச்சலுடையும், சிலருக்கு ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளச் சொல்லி, அதே உடையில் கணக்குப் போட வைத்தார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்கள் கணக்கில் பின்தங்கினார்கள். ஆண்களுக்கு அப்படி ஆகவில்லை. அறையில் பார்க்க ஒருவரும் இல்லை என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெண்களின் மனசில் ஒரு பகுதி, வெளியே நின்று தங்களையே மேற்பார்வை பார்க்கப் போய்விட்டது. மிச்சத்தை வைத்துத்தான் கணக்கு. அன்று மண்டபத்தில் நீங்களும் அப்படித்தான். உங்களில் பாதி உங்கள் கைக்குக் காவல் நின்றது. பந்திக்குப் போனது மீதிப் பாதி.

இதற்குப் பயிற்சி உண்டு. கவனம் உங்கள் உடம்பின்மேல் திரும்பியதை உணரும்போது, அதை அதட்டாமல் வெளியே ஒரு வேலை கொடுங்கள். மேளக்காரர் என்ன வாசிக்கிறார்? பந்தியில் எதிர் வரிசையில் இருப்பவர் யாருக்கு என்ன உறவு? இலையில் எத்தனை பதார்த்தம்? முதல் முறை அரை நிமிடம் தாங்கும். திரும்ப உங்கள்மேல் வரும், திரும்ப அனுப்புங்கள். இன்னொன்று, நல்ல தையல்காரரிடம் இப்போதைய அளவில் நாலு ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். 'இளைச்சதும் போட்டுக்கலாம்' என்று அலமாரியில் இருக்கும் பழைய அளவு உடைகளை ஒரு பெட்டியில் கட்டிப் பரண்மேல் போடுங்கள். இறுக்கமான துணி நிமிடத்துக்கு ஒரு தரம் உங்கள் உடம்பை உங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்.

வரன் விஷயத்தில் ஒரே யோசனை. வெட்டி ஒட்டிய பழைய போட்டோவைக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள், இன்றைய முழு உருவப் படத்தைக் கொடுக்கட்டும். வருகிற இடங்கள் குறையும். ஆனால் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வருவார்கள், அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எடை போடப்படும் அவமானம் பெருமளவு மிச்சமாகும்.

உடல்நலம் தனிக் கணக்கு. உங்கள் உயரத்துக்கு இந்த எடை என்றால் சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும், தரகருக்கும் பெரியம்மாவுக்கும் அதில் இடம் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மறுநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது தண்டனை. செய்யாத குற்றத்துக்கு வயிற்றைத் தண்டிப்பது. அது ஒரு முறையோடு நின்றால் சரி. யாராவது ஏதாவது சொல்லும்போதெல்லாம் பட்டினி கிடப்பது, பிறகு அடக்கமுடியாமல் அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, இளைக்கும் மாத்திரை அல்லது பேதி மாத்திரை தேடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்திரிகைக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

தோழியோடு கோபம் வேண்டாம். நல்லது நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த விசேஷத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையில்லாத ஜாக்கெட்டோ கைவைத்ததோ, அது உங்கள் இஷ்டம். வந்தபின் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரியம்மா என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம். பந்தியில் என்ன பாயசம், எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.